வின்சென்ஸின் கைமணம்

மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கரண்டியைக் கீழே வைத்தார்கள். சமையலறையிலிருந்து தட்டு நீட்டும் சின்ன ஜன்னல் வழியாகப் புர்கி பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்ணங்களில் பாதி சூப் அப்படியே இருந்தது. சுற்றுலாச் சங்கத் தலைவி ஈவ்லின் உதட்டைத் துணியால் ஒற்றிக்கொண்டு மற்ற இருவரையும் பார்த்தாள். கறிக்கடை அல்ஃபோன்ஸ் பெருமூச்சு விட்டார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ருப்பர்ட் தலையை மெல்ல இடவலமாக ஆட்டினார்.

"வின்சென்ஸ் கைமணம் வரல," என்றார் அல்ஃபோன்ஸ். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மதிய நேரத்துக் காலிக் கூடத்தில் அது சமையலறை வரைக்கும் கேட்டது.

பருவம் தொடங்குவதற்கு முந்தைய வாரம் இந்த மூவரும் ஊரின் எல்லாச் சமையலறைகளுக்கும் போய்ச் சாப்பிட்டுப் பார்ப்பார்கள். 'ஹின்டர்காரில் எங்கே நன்றாகச் சாப்பிடலாம்' என்று சங்கம் வருடாவருடம் போடும் சிறு புத்தகத்துக்காக. பனிச்சறுக்குக்கு வருகிறவர்கள் பேருந்தைவிட்டு இறங்கியதும் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். மூன்று கரண்டிப் படம் போட்டிருந்தால் முதல் தரம். இந்த ப்ளாட்னர் விடுதிக்குப் பத்தொன்பது வருடமாக மூன்று கரண்டி. அதுவும் இந்த சூப்புக்காக. பழைய ரொட்டியையும் சாம்பல்நிறப் பாலாடைக்கட்டியையும் பிசைந்து, வடை மாதிரித் தட்டிப் பொரித்து, மாட்டெலும்புச் சாற்றில் மிதக்கவிடுவது.

புர்கி திரும்பி, அடுப்பிலிருந்த பாத்திரத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக் குடித்துப் பார்த்தாள். போன வருடம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அதே எலும்பு, அதே பாத்திரம், அதே கை. இருபத்தாறு வருடமாக அதே கை.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், கூரைப் பனியைத் தள்ள ஏறிய அவள் கணவன் வின்சென்ஸ் வழுக்கி விழுந்தான். முற்றத்துக் கல்லில் பின்மண்டை அடிபட்டது. மூன்று வாரம் இன்ஸ்ப்ரூக்கில் ஆஸ்பத்திரி. பேச்சு, நடை, ஞாபகம் எல்லாம் ஒழுங்காகத்தான் திரும்பி வந்தன. ஒருநாள் காலையில் பால் அடிப்பிடித்துக் கருகி, நாற்றம் மாடிவரை ஏறியது. புர்கி ஓடி இறங்கிப் பார்த்தால், அவன் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறான். மூக்கு போய்விட்டிருந்தது. மூக்கோடு நாக்கும்.

"யார்கிட்டயும் சொல்லிடாத புர்கி," என்று அன்றைக்கு மாவுமூட்டைமேல் உட்கார்ந்து அழுதான். "சமையக்காரனுக்கு மூக்கு இல்லன்னா ஊரே சிரிக்கும். கொஞ்ச நாள்தான். திரும்பி வந்துடும்."

திரும்பி வரவில்லை. அதுவரை அறைகளைப் பெருக்கி விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்த புர்கி அடுப்படிக்கு வந்தாள். முதல் வருடம் அவன் சொல்லச் சொல்லச் செய்தாள். இரண்டாம் வருடம் அவன் சொல்லாததையும் செய்தாள். அந்தச் சாம்பல்நிறப் பாலாடைக்கட்டி அவள் பிறந்த பள்ளத்தாக்கில் காய்ச்சுவது. பிசைந்ததை ஒரு மணி நேரம் மூடி ஊறவைக்க வேண்டும் என்பது அவளாகக் கண்டுபிடித்தது. வின்சென்ஸ் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு மேசை மேசையாகப் போவான். வியன்னாவிலிருந்து வந்த ஒரு பத்திரிகைக்காரி அவன் கைகளை மட்டும் தனியாகப் படமெடுத்துப் போட்டாள். ஆரம்பத்தில், யாராவது பாராட்டினால், ஜன்னல் பக்கம் திரும்பிப் புர்கியைப் பார்த்துக் கண்ணடிப்பான். பிறகு கண்ணடிப்பது நின்றுபோயிற்று. எந்த வருடம் என்று அவளால் சொல்ல முடியாது. "எம் பொண்டாட்டிக்கு ஒரு முட்டை பொரிக்கத் தெரியாது" என்று ஒருநாள் அவன் சொல்ல, கூடமே சிரித்தது. நடிக்கிறான் என்றுதான் புர்கி முதலில் நினைத்தாள். அன்று படுக்கப்போகும்போது அவன் முகத்தைப் பார்த்தாள். நடிப்பின் சுவடே அதில் இல்லை. அவனே நம்பிவிட்டிருந்தான்.

போன ஏப்ரலில், பனி உருகத் தொடங்கிய சமயம், தூக்கத்திலேயே போய்விட்டான். ஊர் வாத்தியக் குழு முன்னால் ஊத, பாதிரியார் அந்தக் கைகளைப் பற்றிப் பேசினார். கல்லறையின் இரும்புச் சிலுவையில் பெயருக்குக் கீழே சின்னதாக ஒரு கரண்டியை வார்த்து வைத்தார்கள்.

ஈவ்லின் எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். முகத்தில் துக்கவீட்டுப் பரிவு. "ப்ளாட்னர் அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வருஷம் பேர் போடாம விட்டுடலாம்னு பாக்குறோம். ஒரு கரண்டி போட்டா அவருக்குத்தான் அசிங்கம். நீங்களும் ஓய்வா இருங்களேன்."

புர்கி முன்துணியில் கையைத் துடைத்தாள். கூடத்துக்குள் வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் அந்தக் கதவைத் தாண்டி வந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"நான்தான் சமைச்சேன்," என்றாள். "இருபத்தாறு வருஷமா. நீங்க மூணு கரண்டி குடுத்த அத்தனை வருஷமும் நான்தான். கீழ விழுந்ததுல அவனுக்கு மூக்கு போயிடுச்சு. வாயில போட்டா உப்பா சக்கரையான்னு தெரியும், அதுக்குமேல ஒண்ணும் தெரியாது அவனுக்கு."

ருப்பர்ட் மேசை விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"புர்கி," என்றார் அல்ஃபோன்ஸ், குழந்தையிடம் பேசுவதுபோல. "எம் பொண்டாட்டி போனப்ப நானும் என்னென்னவோ பேசினேன். துக்கம் அப்படித்தான். உக்காரு."

"துக்கமெல்லாம் இல்ல. ஹெட்விக்கக் கேளுங்க."

வின்சென்ஸின் தங்கை ஹெட்விக் கல்லாவுக்குப் பின்னால் நின்று கண்ணாடிக் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விடுதியில் பாதி அவளுக்குச் சொந்தம். முப்பது வருடமாகச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்து பரிமாறியவள். ஒவ்வொரு தட்டையும் புர்கியின் கையிலிருந்து வாங்கியவள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இன்னொரு தரம் துடைத்தாள்.

"எங்கண்ணன்தான் சமைச்சான்," என்றாள். "இவ கூட நின்னா. காய் நறுக்கிக் குடுப்பா."

அவர்கள் போனார்கள். கிண்ணங்களைப் புர்கியே எடுத்துவந்து கழுவினாள். ஹெட்விக் கல்லாவைவிட்டு நகரவில்லை.

"ஏன் ஹெட்விக்?"

"ஏன்னா என்ன ஏன்? செத்துப்போனவன் பேரப் பிடுங்கி நீ என்ன பண்ணப்போற? தலைல வச்சுக்குவியா? ஊர்ல அவன் பேருக்கு ஒரு மரியாத இருக்கு. அதையும் கெடுக்கணுமா?"

"எனக்கு?"

"உனக்கென்ன? அப்பவே சொல்லியிருக்கணும். யாரு உன் வாயக் கட்டினா? நானா?" ஹெட்விக் துணியை உதறித் தோளில் போட்டாள். "சும்மா சொல்லாத. உனக்கும் அது பிடிச்சிருந்தது. ஜன்னல்ல நின்னுட்டு, எல்லாரும் முட்டாப்பசங்க, எனக்கு மட்டும்தான் தெரியும்னு நீ சிரிப்ப பாரு. நான் பாத்திருக்கேன்டி."

ஹெட்விக் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அதுதான் மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது. கூடத்தில் கரண்டிகள் கிண்ணத்தைச் சுரண்டும் சத்தத்தைப் புர்கி ஆசையாகக் கேட்டிருக்கிறாள். அது தன்னுடையது என்று யாருக்கும் தெரியாததில் ஒரு கள்ளச் சந்தோஷம் இருந்தது. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அவனே எழுந்து நின்று சொல்வான் என்றும் நம்பிக்கொண்டிருந்தாள். அறுபது வயதில், எழுபது வயதில், ஏதாவது ஒரு பிறந்தநாள் விருந்தில்.

புத்தகம் வந்தது. போன வருடம்வரை ப்ளாட்னர் விடுதி இருந்த பக்கத்தில் இப்போது ஒரு பீட்சா கடையின் பெயர் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு வழக்கமாக வரும் பழைய ஆட்கள் சிலர் வந்தார்கள். சாப்பிட்டுவிட்டு, "பரவால்ல, நீங்க முடிஞ்சத செய்றீங்க" என்று அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்கள். புர்கி உப்பைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். எலும்பை இன்னும் இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டாள். வெள்ளைக் கோட்டோடு ஒரு மனிதன் மேசையருகே குனிந்து நின்றதுதான் ருசியோ, தான் ஊற்றியது வெறும் சூப்தானோ என்றுகூட ஒரு மதியம் அவளுக்குத் தோன்றிவிட்டது. அந்த நினைப்பு வந்த அன்றைக்கே அடுப்பை அணைத்தாள். ஜனவரி முடிவதற்குள் சமையலறை பூட்டப்பட்டது. அறைகள் மட்டும் வாடகைக்கு இருந்தன. காலை ரொட்டி பேக்கரி வண்டியில் வந்தது.

பிப்ரவரியில், ரோப் கார் நிலையத்துக்குப் பக்கத்துப் பெரிய ஹோட்டலில் 'வின்சென்ஸ் ப்ளாட்னர் சூப்' போடுகிறார்கள் என்று ரொட்டி வண்டிக்காரன்தான் சொன்னான். செய்முறையை ஹெட்விக் எழுதிக் கொடுத்தாளாம். புர்கி ஹெட்விக்கிடம் கேட்கப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போன உடுப்போடே அங்கே போய், ஜன்னலோரம் தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்தாள்.

இடம் நிரம்பி வழிந்தது. பனிக் காலணிகள் மரத்தரையில் தடதடத்தன. உணவு அட்டையின் மேல்பாதியில் வின்சென்ஸ் சிரித்துக்கொண்டிருந்தான். பணிப்பெண் சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். புர்கி கரண்டியால் அந்த வடையைப் பிளந்தாள். நடுவில் ரொட்டி வறண்டு, தனித்தனியாக உதிர்ந்தது. ஊறவைக்கவில்லை. பாலாடைக்கட்டியும் அது இல்லை, கடையில் சீவி விற்கும் மஞ்சள் சாதி. சாற்றில் எலும்பு இல்லை, பாக்கெட் சூப் தூள்தான் இருந்தது. ஹெட்விக் முப்பது வருடம் தட்டைத் தூக்கியிருக்கிறாள், ஒருநாளும் பாத்திரத்துக்குள் எட்டிப்பார்க்கவில்லை.

பின்மேசையில் அல்ஃபோன்ஸின் குரல் கேட்டது. யாரோ வெளியூர் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இதான். அப்படியே வின்சென்ஸ் கைமணம். கண்ண மூடிட்டுச் சொல்வேன்."

பக்கத்து மேசையில் ஒரு ஹாலந்துக்காரத் தம்பதி. வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. அந்தப் பெண் சங்கத்தின் சிறு புத்தகத்தை மூடிவிட்டுப் புர்கியின் பக்கம் சாய்ந்தாள். "நீங்க இந்த ஊர்தானே? இந்தப் புத்தகம் கெடக்கட்டும். நெஜமாவே நல்லாச் சாப்பிடணும்னா எங்க போறது?"

"ஒரு இடம் இருந்தது. இப்ப மூடிட்டாங்க."

"அடடா. அங்க யாரு சமையல்?"

புர்கி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். இந்த ஊருக்குச் சம்பந்தமே இல்லாத முகம். இன்னும் நான்கு நாளில் போய்விடும். "நான்தான்," என்றாள்.

கணவன் வாய்விட்டுச் சிரித்தான். கெட்ட மனதோடு சிரிக்கவில்லை. "பாத்தியா, எங்கம்மாவும் இதேதான் சொல்வாங்க. எங்க வீட்டு அடுப்ப மிஞ்சின ஓட்டல் இல்லன்னு." அந்தப் பெண்ணும் சிரித்து, புர்கியின் முழங்கையை அன்பாகத் தட்டினாள். பிறகு இருவரும் தங்கள் கிண்ணங்களுக்குத் திரும்பினார்கள். மும்முரமாகச் சாப்பிட்டார்கள்.

புர்கி கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பனி சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. மலைமேலே காற்று கூடிவிட்டதாம், ரோப் காரில் ஆட்களை ஏற்றுவதை நிறுத்தியிருந்தார்கள். ஆனாலும் கம்பி ஓடிக்கொண்டிருந்தது. மூடுபனிக்குள்ளிருந்து ரோப் கார் பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. நிலையத்துக்குள் நுழைந்ததும் கதவு தானாகத் திறந்தது. உள்ளே ஈரமான இருக்கை. யாரும் இறங்கவில்லை. யாரும் ஏறவில்லை. கொஞ்ச தூரம் திறந்தபடியே ஊர்ந்து, மறுபடி மூடிக்கொண்டு, பெட்டி மேலே போயிற்று. அதற்குப் பின்னால் அடுத்தது திறந்தது.