லாரியில் ஏறாத ஓசை

ஸ்கார்தோர்ப் தேவாலயத்தின் மணியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், ஓசை ஏறவில்லை. நகரத்துப் புதுத் தேவாலயத்தில் அதை மாட்டி அடித்துப் பார்த்தபோது பிசைந்த மாவில் குத்தியது போலிருந்தது. இங்கேயோ, ஆள் வரவில்லை என்று எழுநூறு வருடக் கோயிலைப் பூட்டிவிட்டுப் போன பிறகும், ஊரில் யார் செத்தாலும் வெற்றுக் கோபுரம் பழைய முறைப்படி அடித்தது. ஆணுக்கு ஒன்பது, பெண்ணுக்கு ஆறு, குழந்தைக்கு மூன்று. உருளைக்கிழங்கு தோண்டுகிறவர்கள் நிமிர்ந்து எண்ணிவிட்டு மறுபடி குனிந்தார்கள்.

ஹெஸ்டர் கெட்னிக்கு மட்டும் அந்த ஓசை கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அவள் மகள் பிறந்த அன்றே செத்தாள். ஞானஸ்நானம் ஆகவில்லை, பெயரில்லை, அதனால் மணியும் கிடையாது என்றார் அன்றைய பாதிரியார். வடக்குச் சுவரோரம், காஞ்சொறி மண்டிய இடத்தில், நாய்க்குட்டியைப் போலப் புதைத்தார்கள். அதன்பிறகு முப்பது வருடம் அந்தக் கோயிலைப் பெருக்கியவள் ஹெஸ்டர்தான். மன்னிக்கவில்லை. எதற்கு மன்னிக்க வேண்டும்?

"குடிச்சிட்டு வாய்க்கால்ல விழுந்த சைலஸுக்கு ஒன்பது! என் புள்ளைக்கு ஒண்ணுகூட இல்லையா? நீயெல்லாம் ஒரு கோயிலா?" என்று கோபுரத்தை அண்ணாந்து திட்டுவாள்.

ஓசையை மீட்டு வரச்சொல்லி பேராயர் அலுவலகம் லைனஸ் என்ற இளம் பாதிரியாரை அனுப்பியது. அவர் பூட்டைத் திறந்ததும் ஹெஸ்டரும் பின்னாலேயே நுழைந்தாள்.

"ஓசைய எங்க வேணா கொண்டுபோங்க ஐயா. மொதல்ல என் மகளுக்கு மூணு அடிங்க."

"ஞானஸ்நானம் ஆகாத குழந்தைக்கு எப்படிம்மா? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"முறையா? கோயிலப் பூட்டுனப்ப எங்கய்யா போச்சு உங்க முறை? தள்ளுங்க!"

மேலே எதிலும் கட்டப்படாமல் தொங்கிய கயிற்றை அவளே பிடித்து இழுத்தாள். மூன்று முறை. மூன்றும் ஊரைச் சுற்றிய சதுப்புநிலம் முழுக்கக் கேட்டன. வயலில் தொப்பிகளைக் கழற்றினார்கள். தபால்காரர் ஏமஸ் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வாசலில் எட்டிப் பார்த்தார்.

"யார் வீட்டுக் குழந்தை, ஹெஸ்டர்?"

"என்னோடது. பேரு டாம்சின்."

அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஏமஸ் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். லைனஸ் இருட்டும்வரை கயிற்றை இழுத்துப் பார்த்தும் ஓசை வராமல் வெறுங்கையோடு திரும்பினார். சாயங்காலம் ஊரார், குழந்தை அன்றுதான் செத்ததுபோல, சாவு வீட்டு வழக்கப்படி வேகவைத்த பன்றித்தொடையும் கேக்குமாகத் துக்கம் விசாரிக்க வந்தார்கள். "இப்பதான் வழி தெரிஞ்சுதா உங்களுக்கு?" என்று ஒவ்வொருவரையும் திட்டிக்கொண்டே ஹெஸ்டர் தேநீர் ஊற்றினாள்.