ரொம்ப நாள் படுக்கிற ஆபரேஷன்

டாக்டரம்மா ஒரு வெள்ளைத்தாளில் வயிறு மாதிரி ஒன்றை வரைந்து, தொடை இடுக்குக்குச் சற்று மேலே சாய்வாக ஒரு கோடு போட்டார். "இது ஓப்பன். இங்க கீறி, வெளியே தள்ளுற குடலை உள்ளே அனுப்பிட்டு, ஒரு வலையை வெச்சுத் தைப்போம்." பிறகு தொப்புளிலிருந்து கீழே மூன்று புள்ளிகள் வைத்தார். "இது துளை போட்டுச் செய்யிறது. கேமராவை உள்ளே விட்டு, வலையைப் பின்பக்கமா வைப்போம்."

"ஓப்பனே போதும் டாக்டர்," என்றேன். "எனக்கு ஆறு வருஷத்துக்கு முன்னாடி அதான் செஞ்சாங்க. கல்லு மாதிரி இருக்கேன்."

"வயிறு உங்களுதா, அவங்களுதா?" என்றார் அவர், நிமிராமலே. பக்கத்தில் என் மனைவி கையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

என் ஆபரேஷனைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அச்சகத்தில் காகிதக் கட்டு தூக்கித் தூக்கி வந்த குடலிறக்கம். நாற்பது நாள் படுத்திருந்தேன். பார்க்க வந்தவர்களிடம் தழும்பைக் காட்டியிருக்கிறேன். இருமும்போது தலையணையை எப்படி அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்று, அந்த வியாதியே இல்லாதவர்களுக்குக்கூடப் பாடம் எடுத்திருக்கிறேன். போதாக்குறைக்கு, இது ஆம்பளைகளுக்கு மட்டும் வருவது என்று ஒரு தீர்ப்பும் சொல்லி வைத்திருந்தேன்.

அவளுக்கு ஒரு தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில் வேலை. இயந்திரத்திலிருந்து ஈரப் போர்வைகளை வாரி வண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். போன மாதம் ஒருநாள் குளித்துவிட்டு வந்தவள் சுவரைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். அமுக்கினால் உள்ளே போய்விடும் வீக்கம் அன்றைக்குப் போக மறுத்திருக்கிறது. படுக்க வைத்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடங்கியது. எத்தனை நாளாக என்று கேட்டேன். இரண்டு வருஷம் என்றாள்.

"ஏன் சொல்லல?"

"பொம்பளைக்கு வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க. இது வேற என்னமோன்னு பயந்துட்டேன்."



டாக்டரம்மா இப்போது அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "பெண்களுக்கு நான் துளை போட்டுத்தான் செய்வேன். இதுக்குக் கீழேயே இன்னொரு பலவீனமான இடம் இருக்கு. அங்கேயும் இறக்கம் இருந்தா உள்ளேயிருந்து பார்க்கும்போது தெரிஞ்சிடும். முழு மயக்கம் கொடுக்கணும். வலி கம்மி, சீக்கிரம் நடமாடலாம். வேற ஏதாவது கேக்கணுமாம்மா?"

அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "இந்த ரெண்டுல எதுக்கு டாக்டரம்மா ரொம்ப நாள் படுத்திருக்கணும்?"

"அந்தக் கவலையே வேண்டாம். துளை போட்டா மறுநாளே வீட்டுக்கு…"

"அது இல்லைங்க. எதுக்கு ரொம்ப நாள்?"

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த, கை கழுவும் முறையை விளக்கும் படத்தைப் பார்த்தேன். நான் படுத்திருந்த நாட்களில் ஒரு மத்தியானம், வெயில் முகத்தில் அடிக்கிறது என்று சொன்னேன். நான் இறங்கவில்லை. என்னோடு சேர்த்தே கட்டிலை அவள் ஒருத்தியாக இழுத்து நகர்த்தினாள். "மெதுவா, ஆடுது" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"துளை சின்னதுங்கிறதால உள்ளே நடக்கிற வேலை சின்னது இல்லம்மா," என்றார் டாக்டரம்மா, குரலைத் தணித்து. "ஆறு வாரம் கனம் தூக்கக்கூடாதுன்னு விடுதிக்கு எழுதித் தர்றேன். வீட்டுக்கும் ஒண்ணு தரட்டுமா?"

"தாங்க," என்றாள். அவ்வளவு வேகமாக அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆபரேஷன் அன்று தாழ்வாரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் ஆபரேஷனின்போது எனக்கு இடுப்புக்குக் கீழே மட்டும்தான் மரத்துப்போக ஊசி போட்டார்கள். நான் பாட்டுக்கு டாக்டரோடு பேசிக்கொண்டே கிடந்தேன். முழு மயக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவர் இந்த ஆபரேஷனைப் பற்றி ஏதோ கேட்டார். தெரியலைங்க என்று சொன்னேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்தாள். வயிற்றில் மூன்று சின்னப் பிளாஸ்திரிகள். "அவ்வளவுதானா!" என்றான் செல்போன் கடையில் வேலை பார்க்கும் எங்கள் மகன். நாலாம் நாள் காலையில், நிரம்பி வழிந்த பாத்திரத் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, "அம்மாதான் நல்லா நடக்குறாங்களே," என்று முனகினான்.

"உள்ளே வலை ஒட்டணும்டா. பேசாம தேய்." ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த டாக்டரம்மாவின் சீட்டைக் காட்டினேன். அவன் தேய்க்கத் தொடங்கிய நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் துணியைத் தேடினேன். கிடைத்தது ஏற்கெனவே ஈரம். ஒரு மூடி கீழே விழுந்து வெகு நேரம் சுற்றி அடங்கியது. உள் அறையிலிருந்து என்ன ஆச்சு என்று ஒரு குரல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். ஜன்னல் திறந்திருந்தது. தலைக்கு இரண்டு தலையணை வைத்து, வெளியே எதிர் மாடியில் காயும் யாருடைய துணிகளையோ பார்த்தபடி படுத்திருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். முகம் அப்படியே தூங்குகிற முகமாகிவிட்டது.

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். கடைசி இடுக்கு வழியாகப் பார்த்தபோது, போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அவள் கால் கட்டைவிரல் மட்டும், ஏதோ ஒரு பாட்டுக்கு, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.