பலகை ஏறியதா, இறங்கியதா

சமூக அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. எதைக் காட்டினாலும் "இது பரீட்சைக்கு வருமா?" என்பார்கள். போதாக்குறைக்கு முன் வரிசையில் என் நாத்தனார். வரலாற்று ஆசிரியை, என்னிடம் குறை கண்டுபிடிப்பதில் வீட்டிலேயே கெட்டிக்காரி. கடைசி வரிசையில் கல்வித் துறை அதிகாரி. இன்று தேறாவிட்டால் பயிற்சிக்கு மூடுவிழா என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

ஆவணக் காப்பகத்தின் இணையதளத்திலிருந்து ஒரு பழைய புகைப்படத்தைத் திரையில் போட்டேன். பள்ளிக்கூட வாசல், ஏணியில் ஒருவர், அவர் கையில் பெயர்ப் பலகை, கீழே பிள்ளைகள். படத்துக்கு அடியிலிருந்த குறிப்பை வேண்டுமென்றே மறைத்திருந்தேன். இங்கே என்ன நடக்கிறது, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அந்தக் குறிப்பை நம்பி நான் எழுதிவைத்திருந்த விடையும் "திறப்பு விழா"தான்.

மறைத்தால் ஆசிரியர்களுக்குப் பொறுக்குமா? ஆளாளுக்குக் கணினியில் தேடி, குறிப்பைப் பிடித்து, ஒரே குரலில் "திறப்பு விழா" என்றார்கள். வகுப்பு அதோடு படுத்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

நாத்தனார் மட்டும் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்.

"வாசலுக்கு மேல சுவரைப் பாருங்க. பலகை அளவுக்கு ஒரு இடம் மட்டும் வெளுப்பா இருக்கு, சுத்தி அழுக்கு. அவர் பலகையை மாட்டல. கழட்டுறாரு."

அறையே களைகட்டிவிட்டது. பள்ளியை மூடுகிறார்கள் என்றார் ஒருவர். வர்ணம் அடிக்கக் கழற்றியிருக்கலாமே என்று இன்னொருவர் மல்லுக்கு நின்றார். யாரும் பரீட்சையைப் பற்றிக் கேட்கவில்லை.

"எதுங்க சரியான விடை?" என்றார் அதிகாரி.

எழுதிவைத்திருந்த விடையைக் காட்டித் தப்பித்திருக்கலாம். 

"எனக்குத் தெரியல சார். அண்ணி சொன்னப்புறம்தான் நானே பாக்குறேன்."

சொன்னதும், பயிற்சி போனாலும் போகட்டும் என்று இருந்தது. எல்லாரும் படத்தையே பார்க்க ஆரம்பித்ததில் அவ்வளவு சந்தோஷம்.

அதிகாரி எழுந்து முன்னால் வந்தார். பிள்ளைகளின் முகத்தைப் பெரிதாக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார்.

"ஒருத்தர்கூடச் சிரிக்கலையே. அப்ப மூடுறாங்கதான்."

"அந்தக் காலத்துல போட்டோவுக்கு யாரும் சிரிக்க மாட்டாங்க சார். அது ஆதாரம் ஆகாது" என்றார் நாத்தனார்.

 அதிகாரி ஒரு நாற்காலியை இழுத்து நாத்தனார் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, வேற எங்க தேடலாம்?"