முப்பதுக்கு முப்பது

ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் ரப்பர்த் தோட்டத்து முச்சந்தியில் இருக்கும் ஷங்கரின் ஒட்டுக்கடையில், நான் ஸ்காட்லாந்தை மேசைமேல் பரப்பி வைத்திருந்தேன். ரொட்டி சானாய்த் தட்டு ஸ்காட்லாந்து. தே தாரிக் குவளை லண்டன். நடுவில் சிந்தியிருந்த பருப்புக் குழம்பு எல்லைக்கோடு. என் மகள் ரேச்சல் கிளாஸ்கோ ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போய் மூன்று வருடமாகிறது. அந்த உரிமையில் அந்த நாட்டின் அரசியல் முழுவதும் எனக்குச் சொந்தமாகிவிட்டது.

"ரெண்டாயிரத்துப் பதினாலுல, தனி நாடா பிரியலாமா வேணாமான்னு சனங்களையே கேட்டாங்க. நூத்துக்கு அம்பத்தஞ்சு பேரு வேணாம்னாங்க. முடிஞ்சதா? முடியல. மறுபடியும் ஓட்டு வையிங்கறான். வைக்கலாமா கூடாதா, வச்சா எப்ப வைக்கிறதுன்னு பத்து வருசத்துக்கு மேல இதே சண்ட. லண்டன் சரின்னு சொல்லாம வைக்க முடியாதுன்னு கோர்ட்டும் சொல்லிருச்சு. ஒரு தலைமுறைக்கு ஒரு தடவதான்னு அன்னிக்கே பேசினதுதானே?"

மாவை வீசிக்கொண்டிருந்த ஷங்கர் திரும்பாமலே கேட்டான். "தலைமுறைன்னா எத்தன வருசம்ணே?"

இதை யாராவது கேட்பார்கள் என்று நான் தயார் செய்திருக்கவில்லை. "ஒரு இருபத்தஞ்சு வச்சுக்கயேன்."

"எங்கப்பாவுக்குப் பத்தொம்பது வயசுல நான் பொறந்துட்டேன். எனக்கு நாப்பத்தொண்ணு ஆச்சு, இன்னும் பொண்ணே கெடைக்கல. எங்க வீட்ட வச்சுப் பாத்தீங்கன்னா அந்த ஊர்ல இனிமே ஓட்டே கெடையாது லா."

கடை சிரித்தது. மன்னித்து விடுகிறவனைப்போல நானும் சிரித்து வைத்தேன்.

உண்மையில் ஸ்காட்லாந்து பிரிந்தாலும் பிரியாவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. முந்தின இரவு ரேச்சலிடம் போனில் இதையே முழங்கியபோது அவளும் கேட்டாள். "எங்க வார்டுல இத எடுத்தாலே சண்டப்பா. சிஸ்டருக்கு வேணுமாம், போர்ட்டருக்கு வேணாமாம். அவங்க ஊரு, அவங்க பேசறாங்க. உங்களுக்கு ஏன் இவ்ளோ கோவம் வருது?" லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மதியம் மூன்று மணிக்கு எங்கள் மரண சகாய சங்கத்தின் கூட்டம். தோட்டத்தில் யார் செத்தாலும் கூடாரம், நாற்காலி இரண்டையும் லோரியில் அனுப்பிவைப்பது சிரம்பானில் இருக்கும் தலைமைச் சங்கத்தின் பொறுப்பு. சிரம்பானிலிருந்து எங்கள் புக்கிட் பெலண்டோக்குக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் சங்கத்தின் லோரிக்கு மட்டும் சாலை ஏனோ நீண்டுவிடும். இரண்டாயிரத்துப் பதினான்கிலேயே எங்கள் கிளை பிரிந்துபோக வேண்டும், சொந்தமாகக் கூடாரமும் நாற்காலியும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஓட்டெடுப்பு நடந்தது. பிரியலாம் என்று முப்பது கை, கூடாது என்று முப்பது கை. சமமாக வந்தால் பழையபடியே இருக்க வேண்டும் என்பது விதி. கைகளை எண்ணிச் சொன்னவன் நான்தான், கிளைச் செயலாளர் ஆம்புரோஸ்.

இப்போது புனிதா மறுபடியும் ஓட்டெடுப்பு கேட்கிறாள். பாலர் பள்ளி ஆசிரியை. போன மாதம் அவளுடைய மாமியார் பஞ்சாலை அம்மாள் இறந்தபோது காலையிலிருந்து மழை. கூடாரம் வரவில்லை. சவப்பெட்டியை வாசலில் வைத்து நீலக் கித்தானை நான்கு பேர் நான்கு மூலையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கித்தானில் தேங்கிய தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து பெட்டிமேலேயே கொட்டியது. சவ ஊர்தி போன பிறகு லோரி வந்தது. அடுத்த வாரமே புனிதா வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிவிட்டாள். தலைமைச் சங்கத் தலைவர் சுகுமாறன் எனக்கு போன் செய்தார். அவருக்கு இன்னும் அரசு கொடுக்கும் டத்தோ பட்டம் வரவில்லை, ஆனால் கையெழுத்துப் போடும்போது பெயருக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டே போடுவார். "ஆம்புரோஸ், உலக அளவுல ஒரு உதாரணம் எடுத்துப் பேசுங்க" என்றார். நான்கு பக்கம் எழுதிவிட்டேன்.

ஷங்கரிடம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்க வந்த மார்த்தா, என் பேச்சு முடியும்வரை ஓரமாக நின்றிருந்தாள். செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் கையுறை போட்டுப் பொருட்களை அடுக்கும் வேலை அவளுக்கு. விதவை. நான் கை கழுவப் போனபோது பக்கத்தில் வந்தாள்.

"அண்ணே, அந்த ஊர்ல கையத் தூக்கித்தான் ஓட்டுப் போடுவாங்களா?"

"இல்லம்மா. சீட்டு. பொட்டியில போட்டுட்டுப் போயிருவாங்க."

"அதுதான் நல்லது." பொட்டலத்தின் ரப்பரை இழுத்து இழுத்து விட்டாள். "அன்னிக்கு நான் லேட்டா தூக்கிட்டேன் போலண்ணே."

எனக்குப் புரியவில்லை. அல்லது, புரிந்துவிடக் கூடாது என்று இருந்தது.

"அப்ப எங்க வீட்டுக்காரரு போயி ரெண்டு மாசம்தான். எது சொன்னாலும் காதுல ஏறாது. நீங்க முப்பதுக்கு முப்பதுன்னதும்தான் திடுக்குன்னுச்சு. ஐயோ, நான் சரியா தூக்கல, அண்ணன் கண்ணுல படல போலன்னு. யாருகிட்டயும் சொல்லல. பஞ்சாலக்கா பொட்டி நனைஞ்சப்ப புனிதா மொகத்தப் பாக்கவே முடியல. என் ஒரு கையாலதானே இவ்வளவும்."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

இந்த விஷயத்தில் இத்தனை வருடத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதையும் ஆறுதல்போலச் சொன்னேன்.

"நீங்க நல்ல மனசுல சொல்றீங்க" என்று சொல்லிவிட்டு மார்த்தா போனாள்.

அவள் தாமதமாகத் தூக்கவில்லை. அன்று, பிரியலாம் என்பவர்களைக் கேட்டதும் மண்டபத்தில் முதலில் எழுந்தது அவள் கைதான். அவள் கணவன் இங்கே டிராக்டர் ஓட்டியவன். அவனுக்கான கூடாரம், அடக்கம் முடிந்த மறுநாள் வந்தது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வேண்டும் என்று லோரிக்காரன் நின்றான். போட்டுவிடும்மா, ஃபைலுக்கு வேண்டும் என்று சொல்லிப் பேனாவைக் கொடுத்தவன் நான். மார்த்தா போட்டாள், காலியாக நின்ற கூடாரத்துக்கும் ஐம்பது நாற்காலிக்கும். இரண்டு மாதம் கழித்து அவள் கையைத் தூக்காமல் வேறு என்ன செய்வாள்?

கூட்டத்துக்கு முன்னால் சுகுமாறன் என் தோளில் கை போட்டு, "சமமா வந்தாக்கூடப் போதும் ஆம்புரோஸ்" என்றிருந்தார். வேறு எதுவும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. கூடாது என்ற முப்பது கையை ஏற்கெனவே எண்ணியாகிவிட்டது. பிரியலாம் என்றவர்களை முன்வரிசையிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தேன். முப்பதில் பின்வரிசைத் தூணை அடைந்தேன். தூணுக்குப் பக்கத்தில் அவள் கை இருந்தது. விரல்களை விரித்து, பள்ளிப் பிள்ளை மாதிரி. நான் திரும்பி மேடைக்கு நடந்தேன். அந்த வருடக் கடைசியில் சிரம்பான் விருந்தில் எனக்கு மாநில உதவிச் செயலாளர் பட்டமும் ஒரு பொன்னாடையும் கிடைத்தன. பட்டத்துக்கு வேலை எதுவும் இல்லை. பொன்னாடையால் என் மனைவி ஜோசலின் தையல் மெஷினை மூடி வைத்திருக்கிறாள்.

இத்தனை வருடத்தில் அந்தக் கையைப் பற்றி எனக்குள் நிறைய வாதாடியிருக்கிறேன். சந்தா அவள் பெயரில் இல்லை, அவள் ஓட்டு சேராது. தூண் மறைத்தது. சமமோ தோல்வியோ, எல்லாம் ஒன்றுதான். ஆனால் என் மேல் வரவேண்டிய பழியை அவள் சுமந்துகொண்டிருப்பாள் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. அவளை நினைத்ததே இல்லை, அதுதான் விஷயம். அவள் கையை மட்டும்தான் நினைத்திருந்தேன்.

மூன்று மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. முதல் அரை மணி நேரம், மறுபடி ஓட்டெடுப்பு வைக்கலாமா என்பதைப் பேசலாமா என்பதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு, வைத்தால் எப்போது என்று. தீபாவளிக்கு அப்புறம் என்றார் ஒருவர். கிறிஸ்மஸுக்கு முன்னால் வேண்டாம் என்றார் இன்னொருவர். சுகுமாறன் மைக்கைத் தட்டி, "உணர்ச்சிவசப்படுற காலம் இது இல்ல. உகந்த நேரம்னு ஒண்ணு இருக்கு" என்று ஆரம்பித்தார்.

புனிதா எழுந்தாள். "உகந்த நேரம் நான் சொல்றேன் சார். அடுத்த ஆளு சாவுறதுக்கு முன்னாடி வைங்க."

சுகுமாறன் கர்ச்சீப்பால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, "நம்ம ஆம்புரோஸ் ஸ்காட்லாந்து உதாரணத்தோட விளக்குவாரு" என்று மைக்கை என் பக்கம் தள்ளினார்.

நான்கு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். முதல் வரி, பேரன்புக்குரிய தலைவர் அவர்களே. வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் ஒரு கை எழுந்தது.

நான் எழுந்ததைப் பார்த்ததும் எண்ணத்தான் வருகிறேன் என்று மார்த்தா நினைத்துவிட்டாள்.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பக்கத்திலிருந்தவள் அவள் முந்தானையை இழுத்தாள். "இன்னும் கேக்கவே இல்லக்கா, எறக்குங்க." சுகுமாறனும் மேடையிலிருந்து, "அம்மா, அவரு பேசப்போறாரும்மா" என்றார்.

கை இறங்கவில்லை. இந்தத் தடவை லேட்டாகிவிடக் கூடாது என்று இருந்திருக்கும். வலது முழங்கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மைக் ஒரு தடவை கீச்சிட்டு அடங்கியது. நான் நின்ற இடத்திலிருந்து, தூணுக்குப் பக்கத்தில், கையுறை போட்டுப் போட்டு வெளுத்துப்போன ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தன. அன்றைக்கும் இப்படித்தான் தெரிந்தன.