கறுப்பு சோபாவுக்குப் பின்னாலிருந்த சுவர்

பல் மருத்துவர் ஜெர்மனிக்குக் குடிபோனபோது, தன் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் கிடந்த கறுப்புத் தோல் சோபாவை ஸ்னெஷானாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அங்கே வரவேற்பு மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்தவள் அவள். லிஃப்டுக்குள் நுழையாத சோபாவை ஆட்கள் மூச்சுவாங்க மாடிப்படி வழியே தூக்கி வந்து இறக்கினார்கள். ரூசே நகரத்து அடுக்குமாடி வீட்டின் அந்தச் சின்னக் கூடத்தில் அதற்கப்புறம் சோபாதான் இருந்தது, மற்றதெல்லாம் ஓரமாக ஒண்டிக்கொண்டது.

கீழ்வீட்டில் இருக்கும் நாத்தனார் பென்கா வந்து பார்த்தாள்.

"என்னடி இது, சவ வண்டியைக் கொண்டாந்து நிறுத்தின மாதிரி இருக்கு. அழறதுக்கு எப்ப வரணும்னு சொல்லிடு."

"சுத்தி இருக்கிறதை மாத்தினா சரியாயிடும் அக்கா."

ஸ்னெஷானாவுக்கு ஆச்சரியம் தந்தது அவள் கணவன் ஓக்னியான்தான். மேலே மின்கம்பியைத் தொட்டு ஓடும் டிராலிபஸ்ஸின் ஓட்டுநர். வீட்டில் ஒரு நாற்காலி இடம் மாறினாலும் முகம் சுளிக்கிற ஆள், சோபாவின் முதுகை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இது நல்லாருக்கு. இதை மட்டும் எடுத்துடாதே" என்றான்.

அவன் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்தே பல மாதம் ஆகியிருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. அவன் இப்போதெல்லாம் அவள் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. பேசும்போது காதைப் பார்ப்பான், இல்லையென்றால் தோளுக்கு அப்பால் எதையோ பார்ப்பான். ஆண்பிள்ளை முகம் பார்க்காமல் பேசினால் என்ன அர்த்தம் என்று கிளினிக்கில் பல் வலியோடு வந்த பெண்கள் எத்தனையோ கதை சொல்லியிருந்தார்கள். யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று அவள் மனம் முடிவுகட்டிவிட்டது. கேட்கத்தான் தைரியம் வரவில்லை. கேட்காததையெல்லாம் சேர்த்து அந்த அறைக்குள் கொட்டினாள்.

பழைய பழுப்புத் திரைகளைக் கழற்றிவிட்டு வெளிர் நிறத்தில் தைத்து மாட்டினாள். பித்தளைக் கால் வைத்த உயரமான விளக்கு ஒன்று மூலைக்கு வந்தது. சோபாவுக்கு முன்னால் கண்ணாடி மேசை போட்டாள். கண்ணாடி போட்டால் இடம் பெரிதாகத் தெரியும் என்று வீட்டு அலங்காரப் பத்திரிகையில் எழுதியிருந்தது. ஒவ்வொரு பொருளும் ஒரு சண்டையோடு வந்தது.

"விளக்கை ஏன் நடுவழியில வைக்கிற?"

"மூலையிலதானே இருக்கு, ஓகி."

"இது வீடா, பொருட்காட்சியா? நேத்து இருந்த இடத்துல இன்னிக்கு ஒண்ணும் இருக்க மாட்டேங்குது."

ஒரு சனிக்கிழமை அவன் வேலைக்குப் போயிருந்தபோது, சோபாவுக்குப் பின்னாலிருந்த வெள்ளைச் சுவருக்கு அவளும் பென்காவும் சேர்ந்து அடர் சாம்பல் வண்ணம் அடித்தார்கள். கறுப்புத் தோலுக்குப் பின்னால் இருண்ட சுவர் இருந்தால் அறைக்கு ஒரு கம்பீரம் வரும் என்பதும் பத்திரிகை சொன்னதுதான். உண்மையிலேயே வந்தது. சோபா சுவரோடு கரைந்து நின்றது. பென்காவே, "பணக்கார வீடு மாதிரி ஆயிடுச்சுடி" என்றாள்.

சாயங்காலம் ஓக்னியான் வந்தான். காலணியைக் கழற்றி, வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தவன் வாசற்படியிலேயே நின்றான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான், பிறகு மறுபக்கம் சாய்த்தான். ஏதாவது சொல்வான் என்று ஸ்னெஷானா காத்திருந்தாள். அவன் வேகமாக நடந்தான். முழங்காலுக்குக் கீழே கண்ணாடி மேசை இடித்தது. மேசையோடு சேர்ந்து விழுந்தான்.

கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் கையில் ரத்தம் வழிய உட்கார்ந்துகொண்டு அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சோபாவை எங்க வச்ச?"

"அது இடத்துலதான் இருக்கு. உனக்கு ஒரு கை தூரத்துல."

அவன் எழுந்து போய்க் குழாயடியில் கையை நீட்டினான். "வேணும்னே பண்றே நீ" என்று மட்டும் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை ஓக்னியான் பீன்ஸ் சூப்பைக் குனிந்தபடியே குடித்தான். 'சோபாவை எங்க வச்ச?' என்ற அந்தக் கேள்வி அவள் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. கோபத்தில் கேட்கிறவன் குரல் இல்லை அது. தொலைத்தவன் குரல்.

மறுநாள் அவனுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. சீருடைச் சட்டையின் பொத்தானைப் போட்டபடி ஜன்னலோரம் நின்றிருந்தான். நல்ல வெயில். அவள் அவன் எதிரே போய் நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"ஓகி, சோபாவுக்குத் திண்டு உறை வாங்கினேன். ஒண்ணு மஞ்சள், ஒண்ணு பச்சை. எது பொருந்தும்?"

அவள் கைகளில் ஒன்றுமே இல்லை.

அவன் பார்வை அவள் தோளுக்கு மேலே எங்கோ அலைந்தது. "பச்சை" என்றான். "மஞ்சள் கண்ணைக் குத்துது."

நீட்டிய கைகளை அவளால் கீழே இறக்க முடியவில்லை. அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு கதவை நோக்கிப் போனான். அவள் ஓடிப்போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"நகரு ஸ்னெஷே, நேரமாச்சு."

"என் கையில ஒண்ணுமே இல்ல."

"என்ன உளர்றே?"

"மஞ்சளும் இல்ல, பச்சையும் இல்ல. வெறுங்கையைப் பார்த்துட்டு நீ பச்சைன்னு சொல்றே." அவள் கதவை விட்டு நகரவில்லை. "எவ்வளவு நாளா?"

"கண்ணு கூசிச்சு, அவ்வளவுதான். கதவை விடு."

"என் முகத்துல இப்ப என்ன இருக்கு, சொல்லு. சொல்லிட்டுப் போ."

அவன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். கல்யாணமான நாளிலிருந்து அவள்மேல் கை வைத்துத் தள்ளியதில்லை. அவள் தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் மூச்சுவாங்கியபடி நின்றார்கள். எதிர்வீட்டு நாய் குரைத்தது.

"நடுவுல பார்வை இல்ல" என்றான் அவன் கடைசியில். "நேரா பார்த்தா புகை. ஓரமா பார்த்தா தெரியும். குளிர்காலத்துல ஆரம்பிச்சுது. தடம் எனக்கு மனப்பாடம் ஸ்னெஷே, கண்ணை மூடிக்கிட்டுக்கூட ஓட்டுவேன்."

"கண்ணை மூடிக்கிட்டுத்தானே ஓட்டிக்கிட்டிருக்கே."

அவன் சுவரில் சாய்ந்தான். சாய்ந்தபடியே வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வெள்ளிக்கிழமை, சந்தைக்குப் பக்கத்துல... தள்ளுவண்டியில குழந்தையை வச்சுக்கிட்டு ஒருத்தி. எனக்குத் தெரியல. பின்னால நின்ன பொம்பளை கத்தினா. அதனாலதான் பிரேக் போட்டேன்."

ஸ்னெஷானா அவன் பக்கத்தில் உட்காரவில்லை. கையைப் பிடிக்கவும் இல்லை. அப்படிச் செய்தால் மனசு இளகி இன்றைக்கு ஒரு நாள் மட்டும் போய்வா என்று சொல்லிவிடுவோமோ என்று பயந்தாள்.

"பணிமனைக்கு நீ பேசறியா, நான் பேசட்டுமா?"

"முப்பது வருஷம், ஸ்னெஷே."

"நீ பேசறியா, நான் பேசட்டுமா?"

அவன் போனை எடுத்து நீட்டினான். "எண் கண்ணுக்குத் தெரியல. நீ போட்டுக் கொடு." அவள் போட்டுக் கொடுத்தாள். மேலாளரிடம் அவன் சொன்னது இரண்டே வாக்கியம். அதைச் சொல்லும்போது சீருடைச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

அதற்கப்புறம் வந்த நாட்கள்தான் கொடுமை. காலையில் பால்கனிக்குப் போனால் சாப்பிடக் கூப்பிடும்வரை உள்ளே வரமாட்டான். அக்கா வந்தால் அவளிடம் மட்டும் பேசுவான்.

"என்னை வீட்டுல உட்கார வச்சுட்டா, பார்த்தியா."

"உன்னை உட்காரத்தான் வச்சா" என்றாள் பென்கா. "நீ யாரையாவது படுக்க வச்சிருந்தியானா? வாயை மூடிக்கிட்டு சூப்பைக் குடிடா."

கண் மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. நடுப்பார்வை போனது போனதுதான், கண்ணில் ஊசி போட்டுக்கொண்டால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். வீட்டுக்குத் திரும்பிய அன்றே ஸ்னெஷானா வண்ண டப்பாவைத் திறந்தாள். சாம்பல் சுவர் மேல் வெள்ளை அடித்தாள். அடியிலிருந்த சாம்பல் மறைய மறுக்க, மறுபடி மறுபடி அடித்தாள். ஓக்னியான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டே இருந்தவன் மெல்ல உள்ளே வந்தான்.

"இப்ப சோபா தெரியுது" என்றான். "நல்லாத் தெரியுது. அதைப் பிடிச்சுக்கிட்டா மத்ததெல்லாம் எங்க இருக்குன்னு தெரிஞ்சுடும்."

அன்றிலிருந்து அறையை அலங்கரித்தவன் அவன்தான். பித்தளை விளக்கு சோபாவின் கைப்பிடியை ஒட்டி வந்தது. வெளிர்க் கம்பளத்தின் ஓரத்தில் கறுப்புத் துணி வைத்துத் தைக்கச் சொன்னான். கதவு நிலையில் ஆரஞ்சுப் பட்டை ஒட்டச் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அந்தப் பத்திரிகைக்காரன் பார்த்தான்னா மயங்கி விழுந்துடுவான்."

"விழட்டும். கம்பளம் இருக்கு."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான்; மாதக்கணக்கில் கேட்காத சிரிப்பு அது. அந்தச் சிரிப்பின் துணையில் அவள் தன் மனசில் இருந்ததையும் சொல்லிவிட்டாள். "முகம் பார்க்கலையேன்னு, யாரோ ஒருத்தி இருக்கான்னு நினைச்சேன்."

"எனக்கா? இந்தத் தொப்பையை வச்சுக்கிட்டா?" பிறகு குரல் தாழ்ந்தது. "உன் முகம்தான் முதல்ல போச்சு, ஸ்னெஷே. அதை எப்படிச் சொல்றது?"

அவள் அவன் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

முதல் ஊசிக்கு டிராலிபஸ்ஸில் போனார்கள். அவனுடைய பழைய தடம்தான். ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த இருக்கையில் உட்கார்ந்தான். ஆற்றங்கரை வளைவில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

"பிரேக்கை இப்படியா மிதிக்கிறது" என்றான் முன்பக்கம் சாய்ந்து. "உருளைக்கிழங்கா ஏத்திட்டுப் போறே?"

ஓட்டுநர் திரும்பாமலே, "நீங்க வந்து ஓட்டறீங்களா தாத்தா?" என்றான்.

ஸ்னெஷானா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லப்பா" என்றான் ஓக்னியான். "நீயே ஓட்டு. அடுத்த வளைவுக்கு முன்னாலயே காலை எடு."