எடை பார்க்க வந்தவர்கள்

தின்பண்டக் கம்பெனிக்காரர்கள் எடை மெஷினோடு வந்து இறங்கியபோதே ஜெசிந்தா டீச்சருக்கு மனசு ஒப்பவில்லை. திண்டிவனத்தை அடுத்த ஒலக்கூர்ப் பக்கத்துப் பள்ளியில் அவள் ஆறாம் வகுப்பு ஆசிரியை. பிள்ளைகள் குண்டாவதைத் தடுக்க இலவச முகாம் என்றார்கள்.

"சிப்ஸ் விக்கிறவங்களுக்கு இதுல என்ன சார் அக்கறை?" என்று தலைமை ஆசிரியர் சுப்பராயலுவிடம் கேட்டாள்.

"பந்து, வலை எல்லாம் குடுக்கறாங்கம்மா. நாம டிபார்ட்மென்ட்டுக்கு எத்தினி லெட்டர் எழுதினோம், வந்துதா?" என்றார் அவர்.

வந்தவர்களில் ஒருவன் பிள்ளைகளிடம் பேசினான். எதை வேண்டுமானாலும் தின்னலாமாம், தின்றதை ஓடித் தீர்த்துவிட்டால் போதுமாம். ஜெசிந்தாவின் வகுப்பு அஸ்வினி மெஷினில் ஏறினாள். ஐம்பத்தெட்டு கிலோ. வகுப்பு சிரித்தது. "நீ நல்லா ஓடணும் பாப்பா" என்றான். தினமும் போக வர நாலு கிலோமீட்டர் நடக்கிற பிள்ளை அவள். தலையைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கினாள்.

பிறகு ஜெசிந்தாவிடம் ஒரு படிவத்தை நீட்டினான். பிள்ளையின் வயது, எடை. அதற்கடுத்த கட்டங்களில், இடைவேளையில் என்ன வாங்குகிறது, எந்தக் கடையில், கையில் எவ்வளவு காசு. அவள் பேனா நின்றது.

"எடை சரி. கடை பேரு எதுக்குத் தம்பி?"

"சும்மா சர்வே மேடம்." அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத நான் எழுத மாட்டேன்."

"பரவால்ல மேடம், நாங்களே கேட்டுக்கறோம்."

பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள்.

பத்தே நாளில் பள்ளிக்கு எதிரே மாசிலாமணி கடையில் புது ஸ்டாண்டு முளைத்தது. சின்னக் கை எட்டும் உயரத்தில் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கின. எல்லாம் அதே கம்பெனி.

"நான் கேக்கவேயில்ல டீச்சர்," என்றார் மாசிலாமணி. "அவுங்களே மாட்டிட்டுப் போனாங்க. எந்த கிளாஸு புள்ள எம்மாம் வாங்கும்னு எனக்கே தெரியாது, அந்தக் கம்பெனிக்காரன் புட்டு புட்டு வெக்கிறான்."

அன்று மாலையே ஜெசிந்தா அஸ்வினியின் அம்மா பொன்னியைப் பார்த்து, பாக்கெட் வாங்கக் காசு கொடுக்காதே என்றாள்.

"விடியறதுக்கு முன்னயே நாத்து புடுங்கப் போய்க்கினு இருக்கேன் டீச்சர். அஞ்சாவது வரைக்கும் ஸ்கூல்லயே காலை டிபன் போட்டாங்க. இப்ப அதுவும் இல்ல. வவுறு காயக்கூடாதுன்னுதான் குடுக்கறேன்."



மறுநாள் ஜெசிந்தா, பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் காலை டிபன் சமைக்கும் லூர்துமேரியிடம், உப்புமா மீந்தால் அஸ்வினிக்குத் தர முடியுமா என்று கேட்டாள். வாரத்தில் இரண்டு நாள் மீந்தது. மற்ற நாட்களில் அஸ்வினி பாக்கெட்டோடுதான் வந்தாள்.

மாதக் கடைசியில் சுப்பராயலு கம்பெனிக்கு நன்றிக் கடிதம் எழுதி, வகுப்பு ஆசிரியை கையெழுத்துக்கு ஜெசிந்தாவிடம் நீட்டினார். அடுத்த முகாமுக்கும் வரச்சொல்லி அதில் எழுதியிருந்தது.

"நீங்க போடுங்க சார். எனக்கு வேணாம்" என்றாள்.

அவர் பேனாவைத் திறக்காமல் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார்.