காகு கேட்ட எழுத்து
புனேயின் சதாசிவ் பேட்டையில் பெயர்ப்பலகை வடிவமைக்கும் கடை வைத்திருந்தான் ஷார்துல். எதிர்வீட்டு அம்மா, தெருவே காகு என்று கூப்பிடும் கர்மர்கர் காகு, "வாசல்ல எவனும் வண்டிய நிறுத்தக் கூடாது, அப்படி ஒரு போர்டு போடுடா" என்று கேட்டதும், தானே தூரிகையால் வரைந்து உருவாக்கிய மராத்தி எழுத்துருவை எடுத்தான். எழுத்துகளுக்கு மேலே ஓடும் தலைக்கோடு வாள் மாதிரி நீண்டது. கடைசி எழுத்தின் வால் பலகையின் ஓரம்வரை சுழித்துக்கொண்டு ஓடியது.

நாலாம் நாள் காகு அந்தப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து மேஜையில் போட்டாள்.

"போறவன் வர்றவன் எல்லாம் வண்டிய நிறுத்தி இதைப் போட்டோ எடுக்கிறான்! நேத்து ஒரு கல்யாண ஜோடி என் கேட்ல சாஞ்சு போஸ் குடுக்குது."

ஷார்துலுக்குப் பெருமை தாங்கவில்லை. "அவ்வளவு அழகாவா இருக்கு காகு?"

"அழகு யாருடா கேட்டா? கரண்ட கட் பண்றதுக்கு முன்னாடி ஒரு நோட்டீஸ் வருமே, அந்த மாதிரி எழுது. பார்த்தாலே வயித்தக் கலக்கணும்."

கணினியோடு இலவசமாக வந்த மொட்டை எழுத்தில், முகத்தைச் சுளித்துக்கொண்டே அடித்துக் கொடுத்தான். அதன்பிறகு அந்த வாசலில் ஒரு சைக்கிள்கூட நிற்கவில்லை. காகுவோ நன்றி மறவாமல் பலகையின் அடியில் அவன் பெயரையும் போன் நம்பரையும் பெயிண்டால் எழுதிவைத்தாள்.

அந்த வாரமே ஏழு பேர் கூப்பிட்டார்கள். ஏழு பேருக்கும் அதே கேவலமான எழுத்துதான் வேண்டுமாம்.